ஒன்றரை வருடம் வாழ்ந்த ஓர் இசைக்குழு



லண்டனுக்கு வந்து எத்தனை வருடம் என்று கேட்டால் நாங்கள் எல்லோரும் மாதக் கணக்கோடு சொல்லுவோம். நாங்கள் வருவதற்கு முன்னர் இந்த நகரத்தில் என்ன நடந்தது என்று கேட்டால் பேச்சுக் குறைந்துவிடும். நானும் அப்படித்தான். ருவிக்கன்ஹாமில் ஒரு பெற்றோல் செட்டில் இரவு வேலை செய்தவன் நான். விடியப்புறம் வேலை முடிந்து, குளிரில் கையைத் தேய்த்துக்கொண்டு, அந்தப் புகையிரத நிலையத்தில் பதினொரு வருடம் நின்றிருக்கிறேன். அதே நிலையத்தில் 1964 ஆம் ஆண்டு ஜனவரி மாதத்து இரவொன்றில் மவுத் ஓர்கன் வாசித்துக்கொண்டிருந்த ஒரு பெடியனைப் பற்றி எனக்கு ஒருவரும் சொன்னதில்லை. வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகுதான் அதை அறிந்தேன்.

அந்தப் பெடியனைச் சேர்த்துக்கொண்ட ஓர் இசைக்குழுவின் கதைதான் இந்த மாதத்து உரை. ஒரு தலைவர் இளவயதில் இறந்துபோனதால் பிறந்த குழு அது. ஒன்றரை வருடமளவில்தான் நிலைத்தது. றொக் இசை எங்களுக்கு எதற்கு என்று நினைப்பவர்களும் கொஞ்சம் பொறுமையாகக் கேளுங்கள். முடிவில் எங்கள் வீட்டு விடயம் ஒன்றுக்குத்தான் வரப்போகிறேன்.

தேயிலைப் பெட்டியில் தொடங்கிய இசை

1950களின் நடுப்பகுதி. போர் முடிந்து பத்து வருடம். உணவுப் பங்கீட்டு முறைகூட 1954 இல்தான் முற்றாக நீங்கியது. இந்த நாட்டு இளைஞர் பலரிடம் வாத்தியம் வாங்கக் காசில்லை. அந்த வேளையில் 'ஸ்கிஃபிள்' என்றொரு இசை தீப்போலப் பரவியது. லொனி டொனெகன் என்பவர் பாடிய ஓர் இசைத்தட்டு 1956 இல் பெரும் வெற்றி பெற்றதுதான் அதற்குக் காரணம். இந்த இசைக்குப் பெரிய ஆயத்தம் ஒன்றும் தேவையில்லை. ஒரு மலிவான கிற்றார். உடுப்புத் தோய்க்கும் தகரப் பலகை ஒன்று, அதை விரலால் சுரண்டினால் தாளம். பிறகு ஒரு தேயிலைப் பெட்டி. பெட்டியைக் கவிழ்த்துவைத்து, தும்புத்தடி ஒன்றை அதில் நிறுத்தி, இரண்டுக்கும் இடையில் கயிறு கட்டி இழுத்து மீட்டினால் அடித்தொண்டை ஓசை வரும்.

அந்தப் பலகைப் பெட்டிகள் இந்தியாவிலிருந்தும் இலங்கையிலிருந்தும் தேயிலை நிரம்பி லண்டன் துறைமுகத்துக்கு வந்தவை. எங்கள் மலையகத்துத் தாய்மார் பறித்த கொழுந்து இந்த நாட்டுக் கோப்பைகளுக்குள் போனது. வெறும் பெட்டி இந்த நாட்டுப் பிள்ளைகளின் வாத்தியமானது. பீற்றில்ஸ் குழுவினர் அந்தப் பெயரை எடுப்பதற்கு முன்னர் லிவர்பூலில் வைத்திருந்த சிறு குழுவிலும் ஒரு தேயிலைப் பெட்டி இருந்தது.

லண்டனில் சோஹோப் பகுதியில், வார்டர் வீதியும் ப்ரூவர் வீதியும் சந்திக்கும் மூலையில், 'றவுண்ட்ஹவுஸ்' என்றொரு மதுச்சாலை இருந்தது. அதன் மாடியில் வாராவாரம் ஸ்கிஃபிள் நிகழ்ச்சி நடத்தியவர்களில் ஒருவர் சிறில் டேவிஸ். பருத்த உடம்பு, முரட்டுப் பேச்சு. பகலில் அவர் செய்தது வாகனங்களின் நெளிந்த தகரத்தைத் தட்டி நிமிர்த்தும் வேலை. எங்களவர்கள் நிறைந்து வாழும் ஹரோ, வெம்பிளிப் பக்கத்து மனிதர். இரவானால் பன்னிரண்டு தந்திக் கிற்றாரும் மவுத் ஓர்கனும்.

1957 இல் டேவிஸ் ஒரு விசித்திரமான முடிவெடுத்தார். கூட்டம் நிரம்பி வழிந்த ஸ்கிஃபிள் நிகழ்ச்சியை மூடிவிட்டு, அதே இடத்தில் 'ப்ளூஸ்' இசைக்கென ஒரு மன்றம் தொடங்கினார். கூட்டாளி அலெக்சிஸ் கோர்னர். முதல் இரவு வந்தவர்கள் மூன்றே மூன்று பேர் என்று கோர்னர் பின்னாளில் சொல்லியிருக்கிறார். வெறும் கதிரைகளுக்கு முன்னால் நிகழ்ச்சி நடத்திய அனுபவம் எங்கள் நேயர்களில் பலருக்கு இருக்கும். அந்த மூன்று பேரை நினைத்துச் சிரிக்க எனக்கு மனம் வரவில்லை.

ஊரைவிட்டு வந்தவர்களின் பாட்டு

ப்ளூஸ் என்பது அமெரிக்காவின் தென்பகுதியில், அடிமைகளாய் இருந்த கறுப்பின மக்களின் சந்ததியார் பருத்தித் தோட்டங்களில் வளர்த்த இசை. இருபதாம் நூற்றாண்டில் அவர்கள் இலட்சக்கணக்கில் ஊரைவிட்டு வடக்கு நகரங்களுக்குப் போனார்கள். மிசிசிப்பித் தோட்டமொன்றில் வளர்ந்த மடி வோட்டர்ஸ் 1943 இல் சிக்காகோவுக்குப் புகையிரதம் ஏறினார். அந்த நகரத்து மதுச்சாலைகளின் சத்தத்தில் மரக் கிற்றார் எடுபடவில்லை. மின் கிற்றாரை எடுத்தார். ஊர்ப்பாட்டு நகரப்பாட்டானது. 1958 இல் அவர் இங்கிலாந்துக்கு வந்தபோது சோஹோவில் இருந்த இந்தச் சிறிய மன்றத்திலும் பாடினார்.

கோர்னரின் கதையும் எங்களுக்குப் புதிதல்ல. தந்தை ஒஸ்திரிய யூதர், தாய் கிரேக்க வழி வந்தவர், பிறந்தது 1928 இல் பாரிஸ் நகரில். 1940 இல் ஜேர்மன் படை பிரான்சை விழுங்கிய காலத்தில் பன்னிரண்டு வயதில் குடும்பத்தோடு லண்டனுக்கு வந்து சேர்ந்தார். அந்த வருடத்துக் குண்டுவீச்சு ஒன்றின்போது கேட்ட கறுப்பினக் கலைஞர் ஒருவரின் பியானோ இசைத்தட்டுத்தான் தன்னை இந்த வழியில் திருப்பியது என்று அவர் சொல்லுவார். மேலே விமானம், கீழே பாட்டு. பங்கருக்குள் பற்றறி றேடியோவைக் காதோடு வைத்துப் பாட்டுக் கேட்டவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. பிற்காலத்தில் பேஸ்வோட்டரில் இருந்த அவருடைய வீட்டில் எத்தனையோ இசைஞர்கள் வந்து தரையில் படுத்து எழும்பிப் போயிருக்கிறார்கள். 1980களில் ஈஸ்ற்ஹாமிலும் வெம்பிளியிலும் எங்கள் வீடுகள் இருந்தது போலவே.

1962 மார்ச் 17 ஆம் திகதி கோர்னரும் டேவிஸும் ஈலிங்கில் ஒரு நிலவறையில் வாராந்த நிகழ்ச்சி தொடங்கினார்கள். ஈலிங் கனகதுர்க்கை அம்மன் கோயிலுக்குப் போகிறவர்களுக்கு ஈலிங் ப்ரோட்வே நிலையம் தெரிந்திருக்கும். அந்த நிலையத்துக்கு எதிர்ப்புறத்தில், படிகளில் கீழே இறங்கிப் போகும் இடம் அது. கூரையிலிருந்து தண்ணீர் சொட்டுமாம். மின்வயர்களில் படாமல் மேடைக்கு மேலே படங்கு கட்டியிருந்தார்கள். பின்னாளில் 'ரோலிங் ஸ்ரோன்ஸ்' குழுவாக உலகத்தைச் சுற்றிய மிக் ஜாகரும் கீத் றிச்சட்ஸும் பிறையன் ஜோன்ஸைச் சந்தித்தது அந்தச் சொட்டுத் தண்ணீருக்குக் கீழேதான். 2012 மார்ச்சில் அந்த இடத்தில் ஒரு நினைவுப் பலகை வைக்கப்பட்டது.

குழு இரண்டாக உடைந்தது

எங்கள் சங்கங்கள்தான் இரண்டாக உடையும் என்று நினைத்திருந்தேன். அப்படியில்லை. 1962 இன் கடைசியில் இந்தக் கூட்டாளிகளும் பிரிந்தார்கள். கோர்னர் குழுவுக்குள் சாக்ஸபோன் முதலிய ஊதுவாத்தியங்களைக் கொண்டுவந்தார். டேவிஸுக்கு அது பிடிக்கவில்லை. சிக்காகோவில் எப்படி வாசித்தார்களோ அப்படித்தான் வாசிக்க வேண்டும், ஜாஸ் கலக்கக்கூடாது என்பது அவர் பிடிவாதம். கோயில் நிகழ்ச்சிக்குக் கீபோட் வைக்கலாமா கூடாதா என்று எங்களுக்குள் நடந்த சண்டைகளைப் பார்த்தவர்களுக்கு இது விளங்கும்.

டேவிஸ் தனிக்குழு அமைத்தார். பெயர் 'சிறில் டேவிஸ் ஓல் ஸ்ரார்ஸ்'. வேறொரு பாடகரின் குழுவிலிருந்த நல்ல வாத்தியக்காரரைச் சேர்த்துக்கொண்டார். பின்னணி பாடியவர்கள் 'வெல்வெற்ஸ்' எனப்பட்ட தென்னாபிரிக்கப் பெண்கள். 'கிங் கோங்' என்ற இசை நாடகம் 1961 இல் லண்டனில் மேடையேறியபோது, அதில் நடித்தவர்களில் பலர் நிறவெறி ஆட்சி நடந்த தங்கள் நாட்டுக்குத் திரும்பாமல் இங்கேயே தங்கிவிட்டார்கள். அவர்களிடையே இருந்து வந்த குரல்கள் இவை. டேவிஸின் குழுவில் இன்னொரு பாடகரும் இருந்தார். ஆறடி ஏழு அங்குல உயரம். பெயர் ஜோன் போல்ட்றி. பனைபோல நின்றதால் 'லோங் ஜோன்' என்றே அழைக்கப்பட்டார். தந்தை லண்டன் பொலிஸ்காரர்.

1963 முழுவதும் டேவிஸின் பெயர்தான் முன்னுக்கு நின்றது. மார்க்கீ மன்றத்தில் அவருடைய நிகழ்ச்சிக்கு இடையில் வாசித்த துணைக்குழுவாக அந்த வருடத் தொடக்கத்தில் ரோலிங் ஸ்ரோன்ஸ் இருந்தது. ஆனால் டேவிஸின் உடம்பு அவருக்கு ஒத்துழைக்கவில்லை. நோயோடு நோயாக மேடை ஏறினார். குடியும் இருந்தது. 1964 ஜனவரி 7 ஆம் திகதி காலமானார். 32 வயதை எட்ட இன்னும் பதினாறு நாட்கள் இருந்தன.

புகையிரத நிலையத்துப் பெடியன்

ருவிக்கன்ஹாமில் தேம்ஸ் நதியின் நடுவே 'ஈல் பை தீவு' என்றொரு சிறு தீவு உண்டு. அங்கே பழைய ஹோட்டல் ஒன்றின் நடன மண்டபத்தில் 1956 முதல் ஆர்தர் சிஸ்னால் என்பவர் இசை நிகழ்ச்சிகள் நடத்தினார். 1957 இல் நடைபாலம் வந்தது. அந்த மன்றத்தின் அங்கத்தினர் அட்டை பாஸ்போட் மாதிரி அச்சடிக்கப்பட்டிருந்தது. தீவை ஒரு நாடாகவும் அங்கத்தினரை அதன் பிரசைகளாகவும் வைத்து ஒரு பகிடி. அதன் படத்தைப் பார்த்தபோது நானும் சிரித்தேன். பிறகு, என்னுடைய முதலாவது பயண ஆவணத்தை எத்தனை தடவை தொட்டுத் தொட்டுப் பார்த்தபடி வந்தேன் என்பது ஞாபகத்துக்கு வந்தது. பாஸ்போட்டை விளையாட்டுப் பொருளாக வைத்திருக்கவும் ஒரு கொடுப்பினை வேண்டும்.

அந்தத் தீவில் ஓல் ஸ்ரார்ஸ் குழுவின் நிகழ்ச்சி முடிந்த ஓர் இரவு போல்ட்றி ருவிக்கன்ஹாம் நிலையத்துக்கு நடந்தார். நிகழ்ச்சி பார்த்துவிட்டு வந்த ஒரு பெடியன் அங்கே தனியே இருந்து மவுத் ஓர்கனில் ப்ளூஸ் வாசித்துக்கொண்டிருந்தான். குளிருக்குச் சுற்றிய துணிகளுக்கு வெளியே மூக்கு மட்டும்தான் தெரிந்ததாகப் போல்ட்றி பின்னாளில் பகிடியாகச் சொல்லுவார். டேவிஸ் இறப்பதற்குச் சற்று முந்திய இரவு என்று சிலர் எழுதியிருக்கிறார்கள். இறந்த அன்றே என்று வேறு சிலர். பலமுறை சொல்லப்பட்ட கதைகள் அப்படித்தான், இறப்பையும் தொடக்கத்தையும் ஒரே இரவில் கொண்டுவந்து சேர்க்கப் பார்க்கும். ஜனவரி முதல் வாரம் என்பதில் கருத்து வேறுபாடு இல்லை.

அந்தப் பெடியனின் பெயர் றொட் ஸ்ருவேட். வயது பத்தொன்பதைத் தொடும் தறுவாய். ஸ்கொட்லாந்துக் குடும்பம், ஐந்து பிள்ளைகளில் கடைக்குட்டி. தந்தை ஆர்ச்வே வீதியில் பத்திரிகைக் கடை வைத்திருந்தார், குடும்பம் கடைக்கு மேலே குடியிருந்தது. எங்களவர்கள் எத்தனையோ பேர் நடத்திய அதே 'நியூஸ் ஏஜென்ற்' வாழ்க்கை. றொட் ஒரு சிறிய காலம் ஹைகேற் மயானத்தில்கூட வேலை செய்திருக்கிறார்.

டேவிஸ் இறந்தபோது போல்ட்றிக்கு 23 வயதாக இன்னும் ஐந்து நாட்கள். அந்த வயதில் அவர் கையில் ஒரு தலைவரில்லாத குழு. வாராந்த நிகழ்ச்சிகள், வாத்தியக்காரர்கள், அவர்களுடைய சம்பளம். கலைத்துவிட்டுப் போயிருந்தால் ஒருவரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். அவர் கலைக்கவில்லை. டேவிஸின் பெயரை வைத்து வியாபாரம் செய்யவும் இல்லை. மடி வோட்டர்ஸ் 1954 இல் பாடிப் புகழ்பெற்ற பாட்டொன்றிலிருந்து பெயர் எடுத்து, குழுவுக்கு 'ஹூச்சி கூச்சி மென்' என்று வைத்தார். அந்த நிலையத்துப் பெடியனைக் கிழமைக்கு 35 பவுண் சம்பளத்தில் சேர்த்தார். அந்த வருடம் ஆண் தொழிலாளி ஒருவரின் சராசரி வாரச் சம்பளம் 18 பவுண் அளவில்தான். மவுத் ஓர்கனால் பெயர் பெற்ற தலைவர் போன கிழமையில், மவுத் ஓர்கனோடு ஒரு பெடியன் வந்து சேர்ந்தான்.

ஒன்றரை வருடம்

இந்தக் குழு என்ன சாதித்தது என்று கேட்டால் பட்டியல் நீளாது. 1964 மார்ச் 13 ஆம் திகதி மார்க்கீ மன்றம் வார்டர் வீதி 90 ஆம் இலக்கத்துக்கு இடம்மாறித் திறந்த முதல் இரவில், அமெரிக்கக் கலைஞர் சனி போய் வில்லியம்சனோடும் யார்ட்பேர்ட்ஸ் குழுவோடும் இவர்களும் மேடையேறினார்கள். மே மாதத்தில் பீற்றில்ஸ் குழுவை மையமாக வைத்த தொலைக்காட்சி நிகழ்ச்சியில் போல்ட்றி பாடினார். ஜூன் மாதத்தில் ஓர் இசைத்தட்டு வந்தது. அதன் மறுபக்கத்தில் போல்ட்றியோடு சேர்ந்து பாடிய குரல் றொட்டினுடையது. தட்டில் அவருடைய பெயர் இல்லை. தட்டும் விற்பனைப் பட்டியலில் ஏறவில்லை. அதே வருடம் ஒரு நீள இசைத்தட்டும் வெளிவந்தது. 1965 நடுப்பகுதிக்குள் குழு கலைந்துவிட்டது.

போல்ட்றி ஓயவில்லை. அதே கோடையில் 'ஸ்ரீம்பக்கற்' என்று இன்னொரு குழுவைச் சேர்த்தார். றொட் ஸ்ருவேட், ஜூலி ட்றிஸ்கல் என்ற இளம் பாடகி, ஓர்கன் வாசித்த பிறையன் ஓகர், மேளம் அடித்த மிக்கி வோலர் ஆகியோர் அதில் இருந்தார்கள். வெவ்வேறு கம்பனிகளோடு செய்திருந்த ஒப்பந்தங்கள் குறுக்கே நின்றதால் அந்தக் குழு வாழ்ந்த காலத்தில் ஓர் இசைத்தட்டுக்கூட வெளியிடவில்லை. 1966 இல் அதுவும் முடிந்தது.

பிறகு 'ப்ளூசொலஜி' என்ற குழு போல்ட்றிக்குப் பின்னணி வாசித்தது. அதில் பியானோ வாசித்தவர் பின்னர் என்ற இடத்தில் வளர்ந்த றெஜினல்ட் ட்வைற். பின்னர் எங்கள் ஹரோவுக்குள் அடங்கிய ஊர்தான். அந்தக் குழுவை விட்டு வெளியேறியபோது அவர் தனக்கு ஒரு புதிய பெயர் வைத்துக்கொண்டார். குழுவில் சாக்ஸபோன் வாசித்த எல்ற்றன் டீன் என்பவரிடமிருந்து முதற்பாதி, லோங் ஜோன் போல்ட்றியிடமிருந்து மறுபாதி. எல்ற்றன் ஜோன் என்று இன்று உலகம் முழுவதும் அறிந்த பெயர் அதுதான். 1968 இல் மனம் விரும்பாத ஒரு திருமணத்துக்குள் போய் உயிரையே மாய்க்க நினைத்த வேளையில் அவரைத் தடுத்துப் புத்தி சொன்னவர் போல்ட்றி. 1975 இல் அதை ஒரு பாட்டாகவே எல்ற்றன் ஜோன் எழுதுவித்துப் பாடினார். போல்ட்றி தன் சொந்த வாழ்க்கையில் ஓர் ஆண்பால் விருப்பினர். 1967 வரை இங்கிலாந்துச் சட்டம் அதற்குச் சிறைத்தண்டனை வைத்திருந்தது. அந்தப் பயத்தோடு வாழ்ந்துகொண்டே இளையவர்களுக்குத் துணை நின்ற மனிதர் அவர்.

1967 நவம்பரில் போல்ட்றி பாடிய காதல் பாட்டு ஒன்று முதலிடத்துக்கு வந்தது. ஆனால் ப்ளூஸ் அல்ல. அந்தப் புகழ் நெடுநாள் நிற்கவில்லை. 1971 இல், அவருடைய கை இறங்கியிருந்த வேளையில், ஒரு நீள இசைத்தட்டு வெளிவந்தது. அதன் ஒரு பக்கத்தைத் தயாரித்தவர் றொட் ஸ்ருவேட். மறுபக்கத்தைத் தயாரித்தவர் எல்ற்றன் ஜோன். இருவரும் அப்போது பெரும் நட்சத்திரங்கள். அதே வருடம் றொட்டின் 'மாகி மே' பிரித்தானியாவிலும் அமெரிக்காவிலும் முதலிடத்தில் நின்றது. அதில் மேளம் அடித்தவர் பழைய மிக்கி வோலர். போல்ட்றி பிற்காலத்தில் கனடாவுக்குக் குடிபெயர்ந்து, 2005 ஜூலை 21 ஆம் திகதி வன்கூவரில் காலமானார். ஈல் பை தீவின் ஹோட்டல் 1971 இல் தீயில் அழிந்துவிட்டது.

ஒன்றரை வருடம் இருந்த குழு தோற்ற குழுவா? விற்பனைக் கணக்குப் பார்த்தால் ஆம். ஆனால் டேவிஸ் போன அந்த மாதத்தில் போல்ட்றி மேடையை மூடியிருந்தால், றொட் ஸ்ருவேட் மவுத் ஓர்கனைச் சட்டைப்பைக்குள் வைத்துவிட்டு வீட்டுக்குப் போயிருப்பார். வேறு வழியில் முன்னுக்கு வந்திருக்கலாம், வராமலும் இருந்திருக்கலாம். போல்ட்றி செய்தது இவ்வளவுதான்: அடுத்தவர் வந்து ஏறும்வரை மேடையைத் திறந்து வைத்திருந்தார்.

எங்கள் வீட்டு விடயம்

இப்போது நான் சொல்ல வந்த விடயம். 1990களில் எங்களுக்கும் ஓர் இசைக்குழு இருந்தது. ஊரில் கோஷ்டி என்போம். பத்துப் பேர். பெரிய பெயரொன்றும் இல்லை. நான் தபேலா. குழுவை நடத்திய அண்ணர் ஊரில் கோயில் திருவிழாக் கோஷ்டிகளில் அக்கோடியன் வாசித்தவர். இங்கே பகலில் விமான நிலையத்தில் சுமை ஏற்றினார், சனி, ஞாயிறுகளில் கீபோட் வாசித்தார். ஒரு வீட்டுக் கராஜுக்குள் பயிற்சி. கல்யாணம், தமிழ்ப் பள்ளிக்கூட ஆண்டுவிழா, அகதிகளுக்கு நிதி சேர்க்கும் நிகழ்ச்சி என்று எத்தனையோ மண்டபம்.

2003 நவம்பரில் அண்ணர் மாரடைப்பால் போய்விட்டார். ஐம்பத்திரண்டு வயது. அவர் கைப்பட எழுதிய கொப்பியில் இன்னும் மூன்று நிகழ்ச்சிகளுக்குத் திகதி இருந்தது. மார்கழிக்கு முன் ஒரு கல்யாணம், தையில் ஒரு பொங்கல் விழா, மாசியில் ஒரு பள்ளிக்கூடம். முப்பத்தொன்று முடிந்த பிறகு அக்கா என்னைக் கூப்பிட்டு, "தம்பி, நீங்கள் எடுத்து நடத்துங்கோ. அவர் ஒப்புக்கொண்டதை விடாதேங்கோ" என்றா. நான் முடியாது என்றேன். அண்ணர் இல்லாத மேடையில் ஏறுவது அவருக்குச் செய்யும் மரியாதையல்ல என்று காரணமும் சொன்னேன். எல்லோரும் தலையாட்டினார்கள். மூன்று நிகழ்ச்சிகளையும் நிறுத்திக்கொண்டோம். குழு அதோடு முடிந்தது.

அது மரியாதையல்ல, பயம். இதைச் சொல்ல எனக்கு இருபது வருடத்துக்கு மேல் எடுத்தது.

பயிற்சிக்கு ஒரு பெடியன் வருவான். பதினைந்து வயதிருக்கும். வயர் சுருட்டுவான், ஸ்பீக்கர் தூக்குவான், நாங்கள் தேத்தண்ணி குடிக்கும் நேரத்தில் கீபோட்டில் கை வைத்துப் பார்ப்பான். அண்ணர் ஏசமாட்டார். "அடியடா, கீபோட் கடிக்காது" என்பார். போன வருடம் சவுத் ஹரோவில் ஒரு மரக்கறிக் கடையில், கையில் பிள்ளையோடு ஒருவர் என்னை மறித்தார். அந்தப் பெடியன்தான். சுகம் விசாரித்த பிறகு சொன்னார்: "அங்கிள், நீங்கள் திரும்பத் தொடங்குவியள் எண்டு நான் ஒரு வருசம் பாத்துக்கொண்டிருந்தனான். ஒவ்வொரு சனிக்கிழமையும் அம்மா, 'போன் வந்ததோ' எண்டு கேப்பா." கோபமாகச் சொல்லவில்லை. சிரித்துக்கொண்டுதான் சொன்னார். அன்றிரவு எனக்கு நித்திரை வரவில்லை.

ஹூச்சி கூச்சி மென் குழுவைப் பற்றி நான் தேடி வாசிக்கத் தொடங்கியது அதற்குப் பிறகுதான். எங்கள் அண்ணர் சிறில் டேவிஸ் என்றோ, நான் தவறவிட்ட பெடியன் றொட் ஸ்ருவேட் என்றோ சொல்ல வரவில்லை. அந்தப் பெடியன் இன்று நல்ல உத்தியோகத்தில் நன்றாகத்தான் இருக்கிறார். ஆனால் அந்த மாசி மாதத்துப் பள்ளிக்கூட மேடையில், அண்ணர் இருந்த கதிரையில் அவனை இருத்தி நான்கு பாட்டு வாசிக்க விட்டிருக்கலாம். பிழைபிழையாகத்தான் வாசித்திருப்பான். அதனால் என்ன?

எங்கள் சமூகத்தில் ஒரு பழக்கம் இருக்கிறது. ஒருவர் தனிமனிதராய் நின்று ஒன்றைக் கட்டுவார். அவர் போனதும் படத்துக்கு மாலை போடுவோம், மலர் வெளியிடுவோம், அவர் செய்த வேலையை மூடிவிடுவோம். அவருக்கு நிகராக ஒருவரும் இல்லை என்று பேசுவோம். அது உண்மையாகவும் இருக்கலாம். போல்ட்றிக்கும் மவுத் ஓர்கனில் டேவிஸின் கை கிடையாது. அதற்காக அவர் மேடையைப் பூட்டவில்லை.

போன மாதம் அந்தக் கராஜைத் திறந்து பார்த்தோம். அக்காவின் மகன்தான் திறப்புக் கொண்டுவந்தார். கீபோட்டில் ஏழு கட்டைகள் வேலை செய்யவில்லை. ஒரு பெட்டி நிறைய ஒலிநாடாக்கள் இருந்தன. மேலே அண்ணரின் கையெழுத்தில் திகதியும் மண்டபத்தின் பெயரும் எழுதியிருந்தன. வாசித்தவர்களின் பெயர் இல்லை. ஞாபகம் இருக்கும்போதே நாங்கள் இருந்து எழுதத் தொடங்கியிருக்கிறோம். இதுவரை இருபத்தாறு பெயர். எங்கள் கோஷ்டியில் வாசித்தவர்களும் பாடியவர்களும் இதை வாசித்தால், நிலையத்துக்கு ஒரு தகவல் சொல்லிவிடுங்கள். வேறு கோஷ்டிகளின் நாடாக்கள் உங்கள் வீட்டு மேற்றட்டில் கிடந்தால் அவற்றையும் இறக்குங்கள். ஈரம் பிடித்தால் பிறகு ஒன்றும் கேட்காது.

கடைசியாக ஒன்று. மரக்கறிக் கடையில் சந்தித்தவருக்குத் தொலைபேசி எடுத்தேன். கீபோட்டைத் திருத்தித் தந்தால் வருவீர்களா என்று கேட்டேன். சற்று நேரம் பேச்சில்லை. பிறகு, "சனிக்கிழமையோ அங்கிள்?" என்றார்.

சனிக்கிழமைதான் என்றேன்.